கரூர் வெயிலில் கார் டார்ச்

காருக்கு ஒரு சின்ன டார்ச் வாங்கிப் போடணும், எது நல்லது என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "பகல்ல வண்டி எங்கே நிக்கும்?" எத்தனை லுமென் (வெளிச்சத்தின் அளவு), எவ்வளவு தூரம் அடிக்கும், எந்தக் கம்பெனி என்பதெல்லாம் அதற்கப்புறம்.

எனக்கு ஊர் கரூர். கோடையில் அன்றைய உச்ச வெப்பத்தைச் செய்தியில் வாசிக்கும்போது அடிக்கடி அடிபடும் க.பரமத்தி எங்களுக்குப் பக்கம்தான். ஜவுளிக் கம்பெனிகளுக்கு நூல் வாங்கிக் கொடுக்கும் ஏஜென்ட் வேலை எனக்கு. காலையில் ஒரு தறிப்பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எடுப்பேன். வேப்பமர நிழல் கிடைத்தால் அன்றைக்கு யோகம். வீட்டு டார்ச்சுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அது கூரைக்குக் கீழே, கைபடும் இடத்தில் இருக்கிறது. கரண்ட் போகும்போதெல்லாம் எடுக்கிறோம், மங்கினால் செல் மாற்றுகிறோம். கார் டார்ச்சை மாதக்கணக்கில் யாரும் தொடுவதில்லை. வெயிலில் கிடந்து வெந்துவிட்டு, என்றோ ஒரு ராத்திரி கேட்டவுடன் எரிய வேண்டும்.

எவ்வளவு வேகிறது என்று பார்க்க, ஒரு அக்னி நட்சத்திரத்தின்போது டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை வண்டிக்குள் இடம் மாற்றி மாற்றி வைத்தேன். அன்றன்றைய அதிகபட்ச அளவை அதுவே குறித்து வைத்துக்கொள்ளும் வகை. வெளியே 41 டிகிரி இருந்த நாட்களில் குளோவ் பாக்ஸுக்குள் 52 வரை போனது. முன்சீட்டுக்கு அடியில் 45. டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் 44. டேஷ்போர்டின் மேல் வைத்த அன்று திரையே கறுத்துப்போய் எண் எதுவும் தெரியவில்லை. நிழலில் ஆறவிட்டுப் பார்த்தால் 68. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட கணக்கும் இதை ஒட்டியே இருக்கிறது. 38 டிகிரி தாண்டிய நாட்களில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களில் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி, உள்காற்று 47. நிழலில் நின்றவற்றில் டேஷ்போர்டு 48, உள்காற்று 38. நிழல் கிடைத்தால் டேஷ்போர்டில் மட்டும் 20 டிகிரிக்கு மேல் குறைகிறது.

டார்ச்சின் எல்இடிக்கும் அலுமினிய உடம்புக்கும் இந்தச் சூடு ஒரு பொருட்டே இல்லை. அடி வாங்குவது உள்ளே இருக்கும் செல்தான். ஆகவே காருக்கு டார்ச் தேடுகிறவர் முதலில் செல்லை முடிவு பண்ணிவிட்டு, அந்தச் செல் போடும் டார்ச்சைத் தேடுவதுதான் முறை. கடையில் இது தலைகீழாக நடக்கிறது. பளபளப்பைப் பார்த்து டார்ச்சை எடுக்கிறோம்; கூடவே வந்த செல் உள்ளேயே கிடக்கிறது.

எங்கள் ஊரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகள் நிறைய. அவற்றுக்கு ஒயரிங் செய்தே தலை நரைத்த ஒரு பாய் இருக்கிறார், பள்ளப்பட்டிக்காரர். இப்போது கார்களுக்கும் பார்க்கிறார். வேலைக்கு வரும் வண்டியின் குளோவ் பாக்ஸில் டார்ச் கிடந்தால் எடுத்து எரித்துப் பார்ப்பது அவர் பழக்கம். "பாதிக்கு மேல எரியாது தம்பி. எரியாத டார்ச்சை வச்சிருக்கறவனைவிட டார்ச்சே இல்லாதவன் உசாரா இருப்பான்" என்பார். ஒருநாள் நான் போயிருந்தபோது அப்படி ஒன்று அவர் கையில் இருந்தது. ஏதோ கம்பெனியின் பேர் அச்சடித்த தீபாவளி அன்பளிப்பு டார்ச். மூடியைத் திருகினால் வரவில்லை. வைஸில் துணி சுற்றிப் பிடித்துத் திருகியதும் கறகறவென்று கழன்றது. உள்ளே, சுவரில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் பொருக்கு. ஸ்பிரிங் பச்சை பிடித்திருந்தது. செல் இரண்டும் வீங்கிக் குழாயோடு ஒட்டிக்கொண்டு, தட்டினாலும் விழவில்லை.

"எலுமிச்சம்பழம் இருக்கா பாரு" என்று பையனை விரட்டினார். அதற்குக் காரணம் உண்டு. அந்த இரண்டும் அல்கலைன் செல், சாதா செல்லைவிட விலை கூடிய வகை. அதற்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கடுமையான காரம். வெளியே கசிந்து காற்றுப் பட்டதும் அந்த வெள்ளைப் பொருக்காக மாறுகிறது. காரத்துக்கு மாற்று அமிலம். எலுமிச்சைச் சாறோ வினிகரோ போதும். காது குடையும் பஞ்சுக்குச்சியில் தொட்டு வைத்ததும் பொருக்கு நுரைத்தது. துடைத்து, ஈரத்துணியால் ஒற்றி, நன்றாகக் காயவைத்தார். கையில் பாலிதீன் உறை மாட்டிக்கொண்டுதான் செய்தார். அந்தக் கசிவு தோலை அரிக்கும், அந்தக் கையோடு கண்ணைத் தேய்த்தால் வம்பு. இவ்வளவு பாடுபட்டும் ஸ்பிரிங் கையோடு ஒடிந்து வந்தது. குப்பைக்குப் போனது டார்ச்.

அல்கலைன் செல் ஏன் இப்படிச் செய்கிறது? பயன்படுத்தாமல் சும்மா வைத்திருந்தாலும் உள்ளே இருக்கும் துத்தநாகம் மெல்ல வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். அழுத்தம் ஏறினால் அடைப்பு வழிவிடும்; வாயுவோடு காரமும் வெளியே வரும். சூடு இதையெல்லாம் வேகப்படுத்துகிறது. தயாரிப்பாளர்களே அல்கலைன் செல்லுக்கு 54, 55 டிகிரியைத்தான் எல்லையாகப் போடுகிறார்கள், நம் குளோவ் பாக்ஸ் அதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. சக்தி தீர்ந்த செல்லை உள்ளேயே விட்டால் இன்னும் மோசம். பெட்டிக்கடையில் விற்கும் மலிவான சாதா செல்லில் துத்தநாகத் தகடுதான் சுற்றுச்சுவரே; செல் தீரத் தீர அந்தச் சுவரே கரைந்து ஓட்டையாகிறது. அவற்றைக் காரில் வைக்கவே வேண்டாம்.

அப்படியென்றால் எது? என் விடை லித்தியம் பென்சில் செல். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் அதே அளவு, பாக்கெட்டில் ஏஏ என்று இருக்கும். ஆனால் சார்ஜ் ஏற்ற முடியாத லித்தியம் வகை. எனர்ஜைசர் விற்கும் அல்டிமேட் லித்தியம் இந்த ரகம். உள்ளே லித்தியமும் இரும்பு டைசல்பைடும். பூச்சியத்துக்குக் கீழே 40 டிகிரியிலிருந்து மேலே 60 டிகிரி வரை தாங்கும் என்று கம்பெனி கணக்கு. சும்மா வைத்திருந்தால் 20 வருஷம்கூடச் சக்தி நிற்கும் என்கிறார்கள். அல்கலைன் போலக் காரம் கசிந்து டார்ச்சைத் தின்னும் கதை இதில் இல்லை. எடை ஏறக்குறைய 15 கிராம்; அதே அளவு அல்கலைன் 23 கிராம் வரும். இந்த வித்தியாசத்தைக் கையே சொல்லிவிடும். லித்தியம் என்று பேர் போட்டுக் கனமாக ஒரு செல் வந்தால் சந்தேகப்படுங்கள்.

குறையும் இருக்கிறது. அல்கலைனைப்போலப் பல மடங்கு விலை. கரூர்க் கடைவீதியில் கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். ஆன்லைனில்தான் வாங்க வேண்டும். அங்கேயும் ஒரு குழி வெட்டி வைத்திருக்கிறார்கள். லித்தியம் என்று தேடினால் முதலில் வந்து நிற்பது பக்கவாட்டில் யுஎஸ்பி துளை வைத்த, சார்ஜ் ஏற்றும் 1.5 வோல்ட் செல்கள். அவை உள்ளே லித்தியம் அயன்; வேறு ஜாதி. இன்னொன்று, அசல் லித்தியம் செல் கடைசிவரை ஒரே வெளிச்சம் கொடுத்துவிட்டு, முன்னறிவிப்பே இல்லாமல் சட்டென்று நின்றுபோகும். அல்கலைன்போல மங்கி மங்கி எச்சரிக்காது. அதனால் மாற்று செல் ஒன்று பாக்கெட் பிரிக்காமல் கூடவே கிடக்க வேண்டும்.

சார்ஜ் ஏற்றும் டார்ச்தானே இப்போது எங்கும் கிடைக்கிறது, அதற்கென்ன என்று என் மச்சினர் சண்டைக்கே வந்தார். நல்ல டார்ச்தான், வெளிச்சத்தில் பென்சில் செல் டார்ச் அதன் கிட்டேகூட நிற்க முடியாது. ஆனால் லித்தியம் அயன் செல்லுக்கு இரண்டு விஷயம் சேர்ந்தால் ஆகாது: முழுச் சார்ஜும் சூடும். இரண்டும் ஒன்றாக இருந்தால் அதன் ஆயுள் மளமளவென்று தேயும். பாதிச் சார்ஜில் வைத்தால் செல்லுக்கு நல்லது. ஆனால் அவசரத்துக்கு என்று வைத்த டார்ச்சைப் பாதி காலியாக வைப்பானேன்? சார்ஜ் ஏற்றுவதற்கும் 45 டிகிரிதான் எல்லை. வெயிலில் நின்ற வண்டியைத் திறந்த கையோடு சார்ஜரில் செருகக்கூடாது. பேட்டரி இறங்கிப்போய் வண்டி நின்றுவிட்டால் அந்தச் சார்ஜருக்கும் கரண்ட் இல்லை. இத்தனையும் சொன்ன பிறகு மச்சினர் தன் டார்ச்சைக் காரிலிருந்து எடுத்து ஆபீஸ் பையில் போட்டுக்கொண்டார். அதன் இடம் அதுதான். தினமும் வீட்டுக்கு வரும், போனோடு சேர்ந்து சார்ஜ் ஏறும்.

அப்படி யுஎஸ்பி டார்ச் வாங்குவதானால் கடையிலேயே ஒன்றைச் சோதியுங்கள். டைப்-சி துளை இருக்கும்; ஆனால் இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள புது ஒயரில் செருகினால் பல மலிவு டார்ச்சுகள் சார்ஜே ஏறாது. உள்ளே வைக்க வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டரை மிச்சம் பிடித்திருப்பார்கள். பழைய சப்பை யுஎஸ்பி ஒயரில்தான் ஏறும்.

14500 என்று ஒரு லித்தியம் அயன் செல் உண்டு. உருவம் அச்சு அசல் பென்சில் செல், ஆனால் 3.7 வோல்ட். பென்சில் செல்லுக்கு மட்டும் என்று செய்த டார்ச்சில் இதைப் போட்டால் சர்க்யூட் கருகும். இரண்டுக்கும் தோதான டார்ச் என்றால் பெட்டியிலேயே அப்படிப் போட்டிருக்கும். குட்டையாக, குண்டாக இருக்கும் சிஆர்123ஏ செல் சூட்டுக்கும் நீண்ட இருப்புக்கும் நல்லது. ஆனால் நம் பக்கம் ராத்திரியில் யார் கடையில் அதைக் கேட்பது? பென்சில் செல்லின் பெரிய பலமே இதுதான். அரவக்குறிச்சியோ ஒட்டன்சத்திரமோ, டீக்கடையை ஒட்டிய எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். லித்தியம் தீர்ந்துபோனால் அன்றைய ராத்திரிக்கு ஒரு சாதா செல்லைப் போட்டுச் சமாளித்துவிட்டு, மறுநாள் எடுத்துவிடலாம்.

கையால் சுழற்றும் கைப்பிடி வைத்தது, சூரிய ஒளியில் ஏறுவது என்றெல்லாம் வருகின்றன. அவற்றுக்குள்ளும் ஒரு சின்ன சார்ஜ் பேட்டரி இருக்கிறது, அதுவும் இதே வெயிலில்தான் கிடக்கிறது. கண்ணாடி உடைக்கும் முனை, சீட் பெல்ட் அறுக்கும் பிளேடு எல்லாம் ஒட்டிவைத்த டார்ச்சும் எனக்கு வேண்டாம். அந்தக் கருவி தனியாக இருக்கட்டும்.

இனி டார்ச். ஒரே ஒரு பென்சில் செல் போடுவதாகப் பாருங்கள். இரண்டு மூன்று செல் வரிசையாகப் போடும் டார்ச்சில் ஒன்று சீக்கிரம் தீர்ந்தால் மற்றவை அதன் வழியாகக் கரண்டைத் தள்ளி, அதன் துருவத்தையே தலைகீழாக்கும். அந்தச் செல்தான் முதலில் கசியும். ஒற்றைச் செல்லில் அந்த வம்பு இல்லை. எல்இடிக்கு 3 வோல்ட் பக்கம் வேண்டும், செல் தருவதோ 1.5. ஆகவே ஒற்றைச் செல் டார்ச்சில் வோல்டேஜை ஏற்றும் சர்க்யூட் கட்டாயம் இருக்கும், அதனால் வெளிச்சமும் ஓரளவு சீராக நிற்கும். கடைவீதியில் மலையாகக் குவித்திருக்கும் ஜூம் டார்ச்சுகளில் பெரும்பாலானவை ரிமோட் செல் மூன்றை ஒரு பிளாஸ்டிக் கூட்டில் போடுகிறவை. எல்இடிக்கு நேராகக் கரண்ட். முதல் பத்து நிமிஷம் ஜோர், அப்புறம் இறங்குமுகம். மூன்று செல்லுக்குக் கூட்டோடு சேர்த்து எத்தனை தொடுமுனைகள் என்று எண்ணிப் பாருங்கள். அதில் ஒன்று பச்சை பிடித்தால் போதும்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்களைக் கொஞ்சம் தெரிந்து படிக்க வேண்டும். நல்ல கம்பெனிகள் ஆன்சி எஃப்எல்1 என்ற அமெரிக்க அளவுமுறைப்படி போடுவார்கள், 2009-இல் வந்தது. அதில் எரியும் நேரம் என்றால், வெளிச்சம் ஆரம்ப அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை. 100 லுமென், 5 மணி நேரம் என்றால் ஐந்து மணி நேரமும் 100 லுமென் வரும் என்று பொருள் இல்லை. ஐந்தாம் மணியில் அது 10 லுமெனாக இருக்கலாம். தூரத்துக்கும் ஒரு சூட்சுமம் உண்டு. 80 மீட்டர் என்றால், 80 மீட்டருக்கு அப்பால் விழும் வெளிச்சம் 0.25 லக்ஸ். மேகமில்லாத பௌர்ணமி நிலா வெளிச்சம் அவ்வளவுதான். ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. போட்ட தூரத்தில் பாதியை நம்பினால் ஏமாற்றமிருக்காது.

இது முறையாகப் போடுகிறவர்களின் கதை. ஆன்லைனில் ஒரு லட்சம் லுமென் என்று கூசாமல் போட்டு விற்கிறார்கள். காரில் போடும் எச்4 ஹாலஜன் பல்பு ஹைபீமில் 1650 லுமென் அளவுதான். லட்சம் லுமென் என்றால் அப்படி அறுபது பல்பு. அதை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு நிற்க முடியுமா? சார்ஜ் ஏற்றும் 18650 என்ற செல்லில், அது தேக்கும் மின்சாரத்தின் அளவு 9900 எம்ஏஎச் என்று அச்சடித்திருந்தாலும் அதே பொய். பேர் பெற்ற கம்பெனிகளின் நல்ல செல்லே 3500 பக்கம்தான். எண்ணில் பொய் சொல்கிறவர் செல்லின் பாதுகாப்பு சர்க்யூட்டில் மட்டும் உண்மையாக இருப்பாரா?

காருக்கு உண்மையில் எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? சீட்டுக்கடியில் விழுந்த சாவி, ஃபாஸ்டேக் ரசீது, ஃபியூஸ் பெட்டி மூடியில் பொடி எழுத்து — இதற்கெல்லாம் 5 லுமென் போதும். டயர் மாற்ற 50. வண்டியை விட்டு இறங்கி நடக்க 100, 150. ஒற்றைப் பென்சில் செல் டார்ச் இதையெல்லாம் தரும். நிறமும் பார்க்கணும். நீலம் தூக்கிய வெள்ளையைவிடக் கொஞ்சம் மஞ்சள் கலந்த வெளிச்சம் மேல். பெட்டியில் நிறத்தைச் சொல்லும் எண் 4000லிருந்து 5000 கெல்வின். பாய் இதில் பிடிவாதக்காரர். "கீழ ஒழுகறது கூலன்டா, ஆயிலா, ஏசித் தண்ணியான்னு நிறத்தைப் பாத்துத்தான சொல்லணும்? நீல வெளிச்சத்துல எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும்." ஒயரில் பழுப்பையும் சிவப்பையும் பிரித்துப் பார்த்தவருக்கு அந்த அருமை தெரியும். மழைக்கு, தண்ணீர் தாங்கும் தரத்தைச் சொல்லும் ஐபிஎக்ஸ் எண்ணைப் பாருங்கள். ஐபிஎக்ஸ்4 இருந்தால் தூறல் தெறித்தால் ஒன்றும் ஆகாது. ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரைமணி நேரம் கிடந்து எடுக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் வண்டி ஓட்டுகிறவர்கள் இரண்டாவதற்குப் போகலாம்.

ஸ்விட்ச் விஷயத்தில் நான் கேட்ட நிபுணர் என் அம்மா. மூன்று டார்ச் வாங்கி வந்து, ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாக அம்மா கையில் கொடுத்தேன். முதலாவது நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தால் மட்டும் எரியும். அம்மா நாலு தடவை தட்டிப் பார்த்துவிட்டு "செல்லு இல்லையாட்ட இருக்குது" என்று திருப்பித் தந்துவிட்டார். இரண்டாவது எரிந்தது; கொஞ்சம் கூடுதலாக வேண்டுமென்று மறுபடி அமுக்கினார், படபடவென்று மின்ன ஆரம்பித்தது. "என்னடா இது, கண்ணடிக்குது!" என்று சேலைத் தலைப்பால் அதை மூடிக்கொண்டார். மூன்றாவது வாலில் ஒரு பட்டன், ஒரு அழுத்து, எரிந்தது. இன்னொரு அழுத்து, அணைந்தது. லேசாகத் தொட்டால் குறைவு, நடு, அதிகம் என்று மாறும். அது அம்மாவுக்குத் தெரியாது. தெரியாமலே வேலை நடந்தது. அதைத்தான் வைத்துக்கொண்டேன். ஏனென்றால் அவசரத்தில் டார்ச்சை எடுப்பது நானாக இருக்க வேண்டியதில்லை. நான் வண்டிக்கடியில் கிடப்பேன், எடுத்துத் தருவது வேறு யாரோ.

வால் பட்டனில் இன்னொரு லாபம், அது கரண்டை அடியோடு துண்டிக்கிறது. பக்கவாட்டில் இருக்கும் மெத்தென்ற பட்டன்களில் பெரும்பாலானவை, அமுக்குவார்களா என்று காத்திருக்கும் சர்க்யூட்டுக்காகக் கொஞ்சம் கரண்டை எப்போதும் உறிஞ்சிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட டார்ச்சாக இருந்தால் பின்மூடியைக் கால் திருகு தளர்த்தி வைக்கலாம். அதைவிட நான் செய்வது, ஆவின் பால் கவரில் ஒரு நாக்குத் துண்டு வெட்டி, செல்லுக்கும் மூடிக்கும் நடுவில் செருகி வெளியே நீட்டி விடுவது. பையில் தானாக அமுங்கி எரிந்து செல் தீர்வதும் இதனால் நின்றது. மூடியைக் கொஞ்சம் தளர்த்தி, உருவி, இறுக்கினால் தயார். வீட்டில் எல்லாருக்கும் ஒருமுறை காட்டிவிட வேண்டும்.

இதெல்லாம் வேலைக்கு உதவியது திண்டுக்கல்லிலிருந்து திரும்பிய ஒரு ராத்திரி. நாலுவழிச் சாலையில் அரவக்குறிச்சிக்கு முன்னால், இடது பின் டயர். ஓரத்தில் சீமைக்கருவேலம் அடர்ந்த இடம். வண்டியை முடிந்தவரை இடதுபக்கம் ஒதுக்கி, நாலு இன்டிகேட்டரையும் போட்டு, முக்கோணப் பலகையைத் தள்ளி வைத்துவிட்டு வந்தேன். போனில் மேப் ஓடி ஓடிச் சார்ஜ் கடைசிக் கோட்டில் இருந்தது. நெடுஞ்சாலை உதவிக்கு 1033-ஐக் கூப்பிட வேண்டி வந்தால் அந்தச் சார்ஜ் வேண்டும் என்று போனை மனைவியின் கைப்பையில் போட்டாயிற்று. போன் வெளிச்சம் போதுமே என்று சொல்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வெளிச்சமும் தொடர்பும் ஒரே பேட்டரியில் இருக்கக் கூடாது.

ஜாக்கி வைக்கும் இடத்தைத் தேடிக் குனிந்தபோது டார்ச் அதிகத்தில் எரிந்தது. வெள்ளை வண்டியின் பெயின்ட்டில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் கண்ணைக் கூசவைத்து, அடியில் இருக்கும் வெட்டு எதுவும் தெரியவில்லை. குறைத்ததும் தெரிந்தது: கதவுக்குக் கீழ் விளிம்பில் இரண்டு சின்னப் பள்ளம், அவற்றுக்கு நடுவில் ஜாக்கியின் தலை உட்கார வேண்டும். கைக்கெட்டும் தூரத்து வேலைக்கு அதிக வெளிச்சம் இடைஞ்சல். அன்றைக்குத்தான் காந்த அடி வைத்த டார்ச்சின் அருமையும் அதன் எல்லையும் சேர்ந்து தெரிந்தது. அலாய் வீல் அலுமினியம், அதில் காந்தம் பிடிக்காது. பம்பர் பிளாஸ்டிக். டயருக்கு மேல் வளைவில் இரும்புத் தகட்டில் பிடித்தது, ஆனால் வெளிச்சம் நட்டில் விழாமல் தரைக்குப் போனது. "ஏங்க, நானே பிடிச்சுக்கறேன்" என்று மனைவி வாங்கிக்கொண்டார். ஆள் இல்லாதபோது என்ன செய்ய? இருபக்கமும் வளைந்த கிளிப் உள்ள டார்ச்சைத் தொப்பியின் முன்விளிம்பில் செருகினால் தலை திரும்பும் பக்கம் வெளிச்சம் திரும்பும். என் டார்ச்சில் அந்தக் கிளிப் இருந்தது, வண்டியில் தொப்பி இல்லை. இப்போது தொப்பியும் கிடக்கிறது. தலையில் மாட்டும் லைட்டே வாங்கிவிடலாம் என்பது பாயின் கட்சி. தினமும் வண்டிக்கடியில் படுக்கிறவருக்கு அது சரி.

நட்டுகளைக் கழற்றிப் புல்லில் வைக்காமல் வீல் கப்பில் போடுங்கள். எதிரே வரும் வண்டிக்காரர் கண்ணில் டார்ச் அடித்துக் கையசைக்காதீர்கள். அவர் கண் கூசி நம் மேலேயே வந்துவிடக்கூடும். டயரின் பக்கம் உட்காரும் முன் புதரோரத் தரையில் ஒரு சுற்று அடித்துப் பார்த்துவிட்டு உட்காருங்கள். கருவேல முள்ளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எங்கே வைப்பது? டேஷ்போர்டின் மேல் ஒருபோதும் இல்லை. லித்தியம் செல்லின் 60 டிகிரியையும் அது தாண்டுகிறது. குளோவ் பாக்ஸ் சுமார். டிக்கி குளுமைதான், ஆனால் வேண்டும்போது இருட்டில் சாமான்களுக்கடியில் தேட வேண்டும், அதற்கு ஒரு டார்ச் வேண்டும். நான் வைத்திருப்பது முன்பக்க இடது சீட்டுக்கடியில், சீட்டின் இரும்புச் சட்டத்தோடு வெல்க்ரோ பட்டை போட்டுக் கட்டிய சின்னப் பையில். பெல்ட்டைக் கழற்றாமல் கை எட்டும். கட்டாமல் சும்மா போடக்கூடாது. உருண்டைக் குழாய், திடீரென்று பிரேக் போட்டால் உருண்டு வந்து பெடலுக்கடியில் மாட்டும். பிரேக் அமுங்காது. ஓட்டுநர் சீட்டுக்கடியில் வைக்காததும் அதனால்தான்.

நல்ல டார்ச் எல்லாவற்றையும் ஏனோ கறுப்பில்தான் செய்கிறார்கள். ராத்திரி கீழே விழுந்தால் தேட முடியாது. பஸ் பாடிப் பட்டறையில் மிஞ்சிய ரேடியம் ஸ்டிக்கர் ஒரு துண்டு பாயிடம் வாங்கி உடம்பைச் சுற்றி ஒட்டிவிட்டேன். யாராவது ஒரு வண்டி வெளிச்சம் பட்டால் பளிச்சென்று காட்டிக்கொடுக்கிறது.

சரி, லித்தியம் செல் கிடைக்கவில்லை, அல்கலைன்தான் என்றால்? செல்லை டார்ச்சுக்குள் போடாதீர்கள். பாக்கெட்டோடு டார்ச்சில் டேப் போட்டு ஒட்டி வையுங்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை எடுத்து வீட்டுக் கடிகாரத்துக்குப் போட்டுவிட்டு, வண்டிக்குப் புதுசு. தேதி ஞாபகம் வைக்க எனக்கு வழி, சித்திரையில் அக்னி நட்சத்திரம் தொடங்கும் முன் ஒன்று, ஆயுத பூஜைக்கு வண்டி கழுவும்போது ஒன்று. அன்றைக்கு எப்படியும் சீட்டைத் தூக்கித் துடைக்கிறோம், எலுமிச்சம்பழமும் கைவசம் இருக்கும். லித்தியம் செல்காரர்களும் அதே இரண்டு நாளில் ஒரு நிமிஷம் எரித்துப் பார்த்து, மூடியின் மரையைத் துடைத்துவிட்டால் போதும்.

இவ்வளவு பார்த்து வைத்தும் டார்ச் வண்டியில் இல்லாமல் போவதற்குப் பெரிய காரணம் வெயிலோ செல்லோ அல்ல, வீடுதான். ராத்திரி கரண்ட் போகும், வீட்டு டார்ச் எரியாது, "கார்ல இருக்கறதை எடுத்தாங்க" என்று குரல் வரும். எடுத்துப் போனது ஃபிரிட்ஜ் மேல் தங்கிவிடும். எங்கள் வீட்டில் இது நடந்தபின், படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஆணியடித்து, சார்ஜ் ஏற்றும் பெரிய லைட் ஒன்றை மாட்டியாயிற்று. கார் டார்ச்சின் பையை மகள் சீட்டுச் சட்டத்தோடு தைத்தே விட்டாள். டார்ச்சை எடுக்கலாம், ஆனால் கயிறு ஒரு முழம்தான். டயர் வரை போக வேண்டுமென்றால் கொக்கியைக் கழற்ற வேண்டும். அந்தக் கொக்கி எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்கும் காட்டியிருக்கிறேன்.